கொச் ஊர் வண்டி

அலுவலகத்தில் இளையவர்களுக்கு வழி சொல்லும் மூத்தவரைக் ‘கோச்’ என்கிறோம். அது ஓர் ஊரின் பெயர்.

ஹங்கேரியில், வியன்னாவுக்கும் புடாவுக்கும் இடைப்பட்ட பெருவழியில் இருக்கும் சிற்றூர் கொச். 15-ஆம் நூற்றாண்டில், மாத்தியாஸ் கோர்வினஸ் அரசாண்ட காலத்தில், அவ்வூர்த் தச்சர்களின் வண்டி இலகுவாகவும் வேகமாகவும் ஓடிப் பேர்பெற்றது. ஹங்கேரிய மொழியில் ஊர்ப்பெயரோடு ‘இ’ சேர்த்தால் ‘அவ்வூரைச் சேர்ந்த’ என்று பொருள். ‘கொச்சி ஸெகேர்’, கொச் ஊர் வண்டி; மணப்பாறை முறுக்கு மாதிரி. ‘ஸெகேர்’ உதிர்ந்து ‘கொச்சி’ மட்டும் நின்றது. (கேரளத்துக் கொச்சிக்கும் இதற்கும் உறவில்லை.) ஜெர்மனில் குட்ஷே, பிரெஞ்சில் கோஷ், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் கோச். அதுவே நம்மூரில் கோச்சு வண்டி ஆயிற்று, ரயிலேறும்போது “எந்தக் கோச்?” என்று இன்றும் கேட்கிறோம். ஹங்கேரியர் இப்போது காரையே கொச்சி என்கிறார்கள்.

வண்டியின் பெயர் ஆளுக்கு வந்தது ஆக்ஸ்ஃபோர்டில். 1830-களில், தனியாகப் பாடம் சொல்லித் தேர்வைக் கடக்கவைத்தவரை மாணவர்கள் கோச் என்றார்கள். 1860-களில் விளையாட்டுக்குப் போன பெயர், பிறகு அலுவலகத்துக்கும் வந்தது.

வண்டிக்காரர் முதலில் கேட்பது “எங்கே போகணும்?” என்பதைத்தான். ஆலோசனை சொல்லும்போது நாம் விட்டுவிடுவது அந்தக் கேள்வியை. டெஸ்டிங்கில் சில வருஷம் இருந்த பெண், “அக்கா, டெவலப்மென்ட்டுக்கு மாறலாமா?” என்கிறாள். “அதுலதான் சம்பளம், மாறிடும்மா” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடுவது சுலபம். உட்காரவைத்து விசாரித்தால், ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை வேண்டும் என்பாள். அவள் போக வேண்டிய இடமே வேறு.

இடம் தெரிந்தபின் மழுப்பக் கூடாது. மழுப்புவதை நாம் அன்பென்று நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கோ அதனால் ஒரு வருஷம் வீணாகும். “இப்போ இருக்கிற ஜாவா இன்டர்வியூவுக்குப் பத்தாதும்மா. ஆட்டோமேஷன் கத்துக்கோ, உன் அனுபவம் அதுக்குக் கைகொடுக்கும். வீட்டிலிருந்து வேலை வேணும்னு மேனேஜர்கிட்ட வாய்விட்டுக் கேளு. அப்ரைசல் வரைக்கும் காத்திருக்காதே.” இதைக் கேன்டீனில் நாலு பேர் நடுவே சொல்லாமல், தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் “கேட்டியா, என்ன சொன்னார்?” என்று நாமே போய் விசாரிக்கவும் வேண்டும்.