ஆறு பேருக்குக் கிடைத்தது, பத்தொன்பது பேருக்குக் கிடைக்காதது

நைனார்பாளையம் என்ற ஊர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது; 1952 தேர்தலின்போது அது தென்னார்க்காடு. காங்கிரசில் வன்னியர்களுக்கு இடமில்லை என்ற மனக்குறையில் அந்த மாவட்டத்தில் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சி தொடங்கிய உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. பக்கத்து வடார்க்காட்டில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்கள்தான். காங்கிரசுக்கோ சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் 152; பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நிற்காமல் ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்து முதல்வரான ராஜாஜி (அதுவே ஒரு சலுகைதான்) நாயக்கரை அமைச்சராக்கினார். 19 பேரை வைத்திருந்த படையாட்சி 1954இல் காமராஜர் முதல்வரான பிறகே அமைச்சரானார். தலைக்கணக்கு மட்டும் பதவி தருவதாக இருந்தால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? படையாட்சிதான் விலகி நின்றார் என்று சொல்லலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு தலைவரிடம் சேராதவர் இன்னொருவரிடம் சேர்ந்தார் என்றால் கட்சிக் கொள்கையைவிட ஆளுக்கு ஆள் இருந்த நம்பிக்கையே கணக்கில் வந்தது என்றுதான் பொருள். தன்னை எதிர்த்துத் தலைமைக்குப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையும் காமராஜர் அமைச்சரவையில் வைத்துக்கொண்டாரே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அது விதியல்ல, அந்த ஒரு மனிதரின் பெருந்தன்மை. விட்டுக்கொடுப்பதும் தலைவரின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

அன்று பதவிக்கு வழிவிட்ட உறவு என்றால் அது சாதித் தலைவருக்கும் முதல்வருக்கும் இடையிலான பேரம். அந்தப் பேரத்துக்குப் பின்னால் கிராமத்து வாக்கு இருந்தது, ஆகவே தலைவர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் கட்சித் தலைமையே சீட்டைக் கொடுக்கும் இடமாகிவிட, வேட்பாளர் நெருங்க வேண்டிய வாசலும் மாறியது. 2019இல் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் முதன்மையாக மோதியவை இரண்டு சின்னங்கள்: தி.மு.க.வின் உதயசூரியனில் க.பொன்முடியின் மகன் கௌதம சிகாமணி, முரசில் விஜயகாந்தின் மைத்துனர் எல்.கே.சுதீஷ். ஏறத்தாழ 4 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் சிகாமணி வென்றார். மக்கள் தேர்ந்தெடுத்தார்களே என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு தமிழகம் முழுவதும் அடித்த அலையில் தி.மு.க. அணி தோற்ற ஒரே தொகுதியான தேனியிலும் வென்றவர் ஓ.பன்னீர்செல்வத்தின் மகன். யார் வெல்வது என்பது வாக்காளர் கையில் இருந்தது, யார் நிற்பது என்பது அவர் கைக்கு வரவே இல்லை. 2024இல் சிகாமணிக்குப் பதில் மலையரசனுக்குச் சீட்டு கிடைத்தது, அவரும் வென்றார். அந்த மாற்றமும் கட்சித் தலைமை எடுத்த முடிவுதான். நைனார்பாளையத்து வாக்காளரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.