எம்.ஜி.பி. காரின் ஆண்டைக் கண்டறிதல்

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உருவாயின; அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 18 ஆண்டுகளும் அடிப்படை வடிவம் மாறாததால், பழைய எம்.ஜி.பி. ஒன்றைப் பார்த்தவுடன் அது எந்த ஆண்டுக் கார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காரின் விலையும், பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்குக் கிடைக்கும் சாலை வரி விலக்கும் அந்த ஆண்டைப் பொறுத்தே அமைகின்றன.

எந்த ஆண்டைக் கேட்கிறோம் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தொழிற்சாலையில் உருவான நாள் வேறு, பதிவான நாள் வேறு, மாடல் ஆண்டு வேறு. 1964 இறுதியில் உருவாகி 1965 ஜனவரியில் விற்ற காருக்கு, பிரிட்டிஷ் எண் பலகையில் 1965-ஐக் குறிக்கும் 'சி' எழுத்தே கிடைத்திருக்கும். எண் பலகையை மாற்றிக்கொள்ளவும் அங்கே சட்டம் இடமளிக்கிறது. காரை உள்ளதைவிடப் புதியதாகக் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

தோற்றமும் ஓரளவே உதவும். 1974 செப்டம்பர் முதல் குரோம் பம்பருக்குப் பதில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளே அதற்குக் காரணம். அது பிடிக்காத உரிமையாளர்கள் பலர் மீண்டும் குரோம் பம்பரையே பொருத்திக்கொண்டனர். இஞ்சினை நம்புவது அதைவிடத் தவறு. 1964 அக்டோபரில் மூன்று பேரிங் இஞ்சின் ஐந்து பேரிங் இஞ்சினாக மாறியது உண்மையே. ஆனால் அரை நூற்றாண்டு ஓடிய காரில் இஞ்சின் மாறியிருப்பது சாதாரணம்.

நம்பத்தக்கது சேசிஸ் எண். ஜி-எச்-என் என்றால் திறந்த கார், ஜி-எச்-டி என்றால் கூரையுள்ள ஜி.டி. வகை. 1970 மாடல் முதல் அமெரிக்காவுக்கான கார்களில் 'யு' எழுத்தையடுத்து ஆண்டெழுத்தும் வந்தது: ஏ 1970, பி 1971 என்ற வரிசை. 'ஐ' விடப்பட்டதால் எச் 1977, ஜே 1978. மாடல் ஆண்டு முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். ஆகவே 1969 நவம்பரில் உருவான காரிலும் 'ஏ' இருக்கும்.

வரி விலக்குக்கு மாடல் ஆண்டு பயன்படாது. உருவான நாளே வேண்டும். கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பழைய தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குச் சான்றிதழ் தருகிறது. உருவான நாளுடன் முதல் நிறமும் இஞ்சின் எண்ணும் அதில் இருப்பதால், இப்போது உள்ள இஞ்சின் காரோடு பிறந்ததுதானா என்பதையும் சரிபார்த்துவிடலாம்.