தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம்: நிதியுதவி
கலைஞர்களுக்கும் கலை அமைப்புகளுக்கும் மாநில அரசின் நிதியில் மானியம் தரும் நிறுவனம். 1955இல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கி, 1973இல் இப்பெயர் பெற்றது. ஊரறிந்தது அது வழங்கும் கலைமாமணி விருது. கிராமத்துக்கு உதவுவதோ இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்கத் தரும் தொகைதான். தேனி வட்டாரத்தில் இராசகம்பள நாயக்கர்கள் ஆடும் தேவராட்டத்துக்குத் தேவதுந்துபி என்னும் தோற்கருவி இல்லாமல் அடவே எழாது. தோல் கிழிந்தால் செலவு ஆடுபவர் தலையில். 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உறுப்பினர்களின் கல்வி, திருமணம், ஈமச்சடங்குச் செலவுகளுக்கு உதவுகிறது.

மன்றம், வாரியம் இரண்டிலும் விண்ணப்பதாரர் பெரும்பாலும் தனிக் கலைஞரே. ஆனால் தேனி மாவட்டக் குரங்கணிக்கு மேலுள்ள முதுவர் பழங்குடியினரின் கதைகளும் காட்டறிவும் மேடைக்கலை அல்ல. அவற்றைப் பதிவுசெய்ய இந்த விண்ணப்பப் படிவங்கள் ஏற்றவையல்ல.