இஎஸ்லின்ட் இறக்குமதிச் செருகுநிரல்

ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ஒரு கோப்பு, பிற கோப்புகளிலிருந்தும் வெளியார் தொகுப்புகளிலிருந்தும் வரவழைத்துக்கொள்ளும் பெயர்கள் உண்மையில் அங்கே இருக்கின்றனவா என்று, நிரலை இயக்கிப் பார்க்காமலேயே சோதிக்கும் துணைக்கருவி இஎஸ்லின்ட் இறக்குமதிச் செருகுநிரல் ஆகும். பென் மோஷர் 2015-இல் உருவாக்கிய இது, இஎஸ்லின்ட் என்னும் சோதனைக் கருவியோடு இணைந்தே இயங்கும்; தனித்து இயங்காது.

நிரலின் எழுத்துவடிவத்தை மட்டும் படித்துப் பிழை காணும் முறைக்கு லின்டிங் என்று பெயர். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட் என்ற கருவியிலிருந்து வந்த பெயர் அது. 2013-இல் நிக்கோலஸ் ஜாகஸ் தொடங்கிய இஎஸ்லின்ட்டின் விதிகள் ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே பார்ப்பவை. ஆனால், எக்மாஸ்கிரிப்ட் 2015 தரநிலை மொழிக்குள் கொண்டுவந்த இம்போர்ட், எக்ஸ்போர்ட் கூற்றுகளில், ஒரு கோப்பு கேட்கும் பெயர் சரியா என்பது இன்னொரு கோப்பு எதை வெளியிடுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இன்னொரு கோப்பையும் தேடித் திறந்து, அது வெளியிடும் பெயர்களைத் திரட்டி ஒப்பிடுவதே இச்செருகுநிரலின் பணி.

நிறுவுதல் எளிது. என்பிஎம் என்னும் தொகுப்பு மேலாளர் வழியாக, உருவாக்கத்தின்போது மட்டும் தேவைப்படும் சார்பாக இதைச் சேர்த்து, இஎஸ்லின்ட்டின் அமைவுக் கோப்பில் இதன் பரிந்துரை விதித்தொகுப்பை இணைத்தால் போதும். 2024-இல் வெளிவந்த இஎஸ்லின்ட் 9-ஆம் பதிப்பு முதல் அமைவுக் கோப்பே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக, பட்டியல் வடிவில் எழுதப்படுவதால், பழைய பதிப்புக்கான வழிகாட்டுதல்களை அப்படியே படியெடுத்தால் அவை வேலை செய்யா.

அமைப்பில் உண்மையான உழைப்பைக் கேட்பது ரிசால்வர் எனப்படும் பாதைகாணியே. இம்போர்ட் கூற்றில் எழுதப்பட்ட முகவரி வட்டில் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்று முடிவுசெய்யும் இந்த உறுப்பு, இயல்பாக நோட் ஜேஎஸ்ஸின் தேடல் முறையைப் பின்பற்றுகிறது. திட்டமோ வெப்பேக் போன்ற தொகுப்பானில் சுருக்கப் பெயர்களை வரையறுத்து, நீண்ட பாதைகளுக்குப் பதிலாக அவற்றைப் பயன்படுத்தியிருக்கக்கூடும். அச்சுருக்கங்களை அறியாத பாதைகாணி, நன்றாக இயங்கும் கோப்பிலும் 'காணவில்லை' என்று வரிக்கு வரி பிழை காட்டும். இந்நிலையில் பலர், முகவரியின் இருப்பைச் சோதிக்கும் விதியையே அணைத்துவிடுகின்றனர். வெப்பேக்குக்கும் டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கும் தனித்தனியே கிடைக்கும் பாதைகாணிகளுள் உரியதை நிறுவி அமைவில் குறிப்பிடுவதே சரியான தீர்வு.

அதே விதி, கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனிக்கிறது. விண்டோஸும் மேக்கும் பொதுவாக இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாததால் அங்கே ஓடிய நிரல், லினக்ஸ் வழங்கியில் ஏற்றியதும் நின்றுபோவதுண்டு. சார்புப் பட்டியலில் எழுதப்படாமல், வேறொரு தொகுப்பின் துணையாக வந்து தற்செயலாகக் கிடைக்கும் தொகுப்பைப் பயன்படுத்துவதைக் கண்டுபிடிக்கும் விதியும், ஓரிடத்தில் ஓடி வேறிடத்தில் முறியும் இத்தகைய பிழையையே தடுக்கிறது. அது பரிந்துரைத் தொகுப்பில் இல்லை என்பதால் தனியே இயக்க வேண்டும். இவற்றுக்கு மாறாக, இம்போர்ட் வரிகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் பெரும்பாலும் அழகு சார்ந்தவை.

ஒரு கோப்பு மற்றொன்றை வரவழைக்க, அது சுற்றிவந்து முதற்கோப்பையே மீண்டும் வரவழைக்கும் சுழற்சியில், ஒரு பெயர் மதிப்பேற்கும் முன்பே பயன்படுத்தப்பட்டு நிரல் முறியலாம். இதைக் கண்டறியும் விதி இறக்குமதிச் சங்கிலி முழுவதையும் பின்தொடர்வதால் பெரிய திட்டங்களில் சோதனையை வெகுவாகத் தாமதப்படுத்தும். தேடலின் ஆழத்தை வரம்பிடலாம், அல்லது நிரல் இணைப்புக்கு முந்தைய தானியங்கிச் சோதனையில் மட்டும் இவ்விதியை இயக்கலாம்.

டைப்ஸ்கிரிப்ட் திட்டங்களில், வரவழைத்த பெயர் இருக்கிறதா என்பதை மொழிமாற்றியே சோதித்துவிடுவதால், அதே வேலையைச் செய்யும் விதிகளை அணைத்துவிட்டு, சுழற்சி, சார்புப் பட்டியல் ஆகியவற்றுக்கான விதிகளை மட்டும் வைத்துக்கொள்வதே பொருத்தம்.