கல்முனைக் கரையில் தொடர்பைப் பங்கிட்ட கதை

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் தொலைபேசி ஒருவருக்கே உரிய உடைமையாக ஒருகாலத்திலும் இருந்ததில்லை; ஒரு தொடர்பை எத்தனை பேர் பங்கிடலாம், அதன் செலவை யார் ஏற்பது என்னும் கணக்கே இப்பிரதேசத்துத் தொலைபேசிச் சரித்திரத்தின் சாரம் என்பது என் அபிப்பிராயம்.

வாப்பாவோ உம்மாவோ சவூதிக்கும் குவைத்துக்கும் பிழைக்கப் போன காலத்தில், கடிதமும் குரல் பதித்த கசெட்டும் போக, அவசர விஷயங்களுக்கு ஜனங்கள் நாடியது கடைத்தெருவின் 'கொமியூனிகேஷன்' கடையைத்தான். உள்ளே நின்று பேசுகிறவரின் கண் நிமிடக் கணக்கிலேயே பதிந்திருக்க, வெளியே முறை காத்து நிற்பவர்கள் சம்பாஷணையில் பாதியை விரும்பாமலே கேட்டுக்கொண்டிருக்க, அந்தரங்கம் என்பது அங்கே எந்த விலைக்கும் கிடைக்காத சரக்காயிற்று.

1989-இல் செல்டெல் நிறுவனம் தென்னாசியாவின் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவையைக் கொழும்பில் தொடங்கியபோதும், 1995-இல் டயலொக் ஜீ.எஸ்.எம். முறையைக் கொண்டுவந்தபோதும், யுத்தத்தின் நடுவே கிடந்த கிழக்குக்கு அவை தூரத்துச் செய்திகளே. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரே வடக்கிலும் கிழக்கிலும் அவற்றின் கோபுரங்கள் பரவலாக எழலாயின. வருகிற அழைப்புக்கும் பணம் அறவிடப்பட்ட அந்த ஆரம்ப வருஷங்களில், மணியடித்தவுடன் எடுப்பவன் ஊதாரி. 'மிஸ்ட் கோல்' ஒன்றே கண்ணியமான பாஷை.

2004 டிசம்பர் 26-ஆம் திகதி கடல் புகுந்து, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மறு வருஷம் விற்பனைக்கு வந்த, கம்பி இழுக்க அவசியமில்லாத ஸீ.டி.எம்.ஏ. தொலைபேசி, மீண்டும் எழுந்த வீடுகளுக்குச் சௌகரியமாக அமைந்தது. 067 என்ற கல்முனை இலக்கத்தோடு மேசையில் அமர்ந்த அந்தக் கருவியைக் கேபிளால் கணினியோடு இணைத்து, ஆமை வேகத்தில் இணையம் பார்த்தவர்களும் உண்டு. இன்றைய ஹொட்ஸ்பொட்டின் மூதாதை அதுவே. 2006-இல் 3ஜீயும், பின்னர் டொங்கிளும், 2013-இல் 4ஜீயும் வந்தன.

ஆனால் பங்கீட்டின் உண்மையான பரீட்சை 2020-இல்தான் நேர்ந்தது. கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, வருஷக் கடைசியில் அக்கரைப்பற்றுத் தொற்றுக் கொத்தணி காரணமாக ஊர்களே தனிமைப்படுத்தப்பட்டபோது, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவருக்குப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் வழியே ஸூம் வகுப்பு இலவசமாகக் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கோ அந்தச் சலுகை இல்லை. கலியாண வீட்டில் சஹன் என்னும் பெரிய உணவுத் தட்டைச் சுற்றிப் பலர் அமர்வதுபோல ஒரே போனின் ஹொட்ஸ்பொட்டைச் சுற்றி வீடே அமர்ந்தது. அப்பொழுதுதான் டேட்டா பெக்கேஜின் சூட்சுமம் குடும்பங்களுக்குப் புரிந்தது: பெரிய எழுத்தில் போட்ட ஜீ.பீ.யில் ஒரு கணிசமான பங்கு 'நைட் டைம்' என்ற பெயரில் நள்ளிரவுக்குப் பிறகே செலவாகும். காலை வகுப்புக்கு அது உதவாது. பிள்ளை உறங்கும் வேளையில் டேட்டாவை விழிக்கவைத்த வியாபார புத்தியை நான் மெச்சுவதற்கில்லை.

2021-இல் எல்லையற்ற பெக்கேஜ்களுக்கு வழி பிறந்தது. ஆயினும் 2022 செப்டம்பரில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு கைபேசிக் கட்டணம் 20 சதவீதம் ஏறியது. வெளிநாட்டுப் பணம் வரும் வீடு அதைத் தாங்கிற்று. நெசவையும் மீனையும் நம்பிய வீடு மறுபடியும் சின்னச் சின்ன ரீலோட்டுக்கு இறங்கிற்று.

ஒவ்வொரு பெக்கேஜும் தனிமனிதனை உத்தேசித்தே விற்கப்படுகிறது, வாங்குவதோ குடும்பம். ஆகையால் ரீலோட் கடையில் மொத்த ஜீ.பீ.யை மாத்திரம் விசாரிக்க வேண்டாம். இரவுப் பங்கு போகப் பகலுக்கு மிஞ்சுவது எவ்வளவு, ஹொட்ஸ்பொட்டுக்கு அனுமதி உண்டா என்ற இரண்டையும் கேட்டறிந்த பிறகே காசைக் கொடுங்கள்.