திப்புவுக்குப் போய்ச் சேராத கடிதம்

வகுப்பில் சொல்ல நேரமில்லாமல் போன ஒரு செய்தி.

பிரெஞ்சுப் புரட்சிப் போரில், 1793-இல் புதுச்சேரியோடு நம் காரைக்காலும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பின்னர் மைசூர் திப்பு சுல்தான், பிரெஞ்சு வசமிருந்த மொரீசியஸுக்குத் தூதர்களை அனுப்பிப் படை கேட்டார். ரகசியமாக இருந்திருக்க வேண்டிய விஷயம். ஆளுநர் மலார்த்திக்கோ 1798 ஜனவரி 30-இல் ஊரறிய அறிவிப்பே வெளியிட்டுவிட்டார். சேர்ந்தவர்கள் சுமார் நூறு பேர்தான். ஜூனில் அந்த அறிவிப்பு கல்கத்தா சேர்ந்தது. வெல்லெஸ்லி போர் தொடுக்க அதையே சாட்சியாக்கினார்.

1799 ஜனவரியில் நெப்போலியன் எகிப்திலிருந்து திப்புவுக்கு எழுதிய கடிதத்தையும் ஆங்கிலேயர் வழியிலேயே பிடித்துவிட்டார்கள். மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார்.

ஒன்று ஊருக்கே தெரிந்தது. இன்னொன்று உரியவருக்கே தெரியவில்லை. இரண்டும் எதிரிக்குத்தான் உதவின. வாட்ஸ்அப்பில் எதையும் தட்டிவிடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.