வீட்டைப் பார்க்க வந்தவர் மதிப்பீட்டாளரா, சோதனையாளரா?

"வேல்யூவர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு. வீடு நல்லாதான் இருக்கும், பயப்படாதீங்க."

மறுவிற்பனை வீடு வாங்குவோரிடையே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தேக்கா காப்பிக்கடைகளிலும் கேட்கலாம், குடும்ப விருந்துகளிலும் கேட்கலாம். சொல்பவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வேல்யூவர், அதாவது மதிப்பீட்டாளர், வீடு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வரவில்லை. அது என்ன விலை பெறும் என்று சொல்லத்தான் வந்தார்.

குறைகளைத் தேடுபவர் வேறொருவர், வீட்டுச் சோதனையாளர். இருவரையும் ஒருவர் என்று நினைத்துவிட்டால், சாவி கைக்கு வந்த பிறகுதான் குளியலறைக் கசிவு தெரியவரும்.

மதிப்பீட்டாளர் யாருக்காக வருகிறார்?

வீவக மறுவிற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் நீங்களும் விற்பவரும் விலை பேசி முடிக்கிறீர்கள். விற்பவர் உங்களுக்கு 'ஆப்ஷன்' தருகிறார். கடன் வாங்கவோ மத்திய சேமநிதிப் பணத்தைப் பயன்படுத்தவோ போகிறீர்கள் என்றால், அதற்கடுத்த வேலை நாளுக்குள் வீட்டின் மதிப்பைக் கேட்டு வீவகவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 120 வெள்ளி.

இந்த வரிசை 2014 மார்ச் மாதம் வந்தது. அதற்கு முன்னர் மதிப்பீட்டு அறிக்கையை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் எத்தனை ஆயிரம் ரொக்கம் என்றுதான் பேரம் நடக்கும். இப்போது விலை முதலில், மதிப்பு பிறகு.

ஒரு கணக்கு: 620,000 வெள்ளிக்குப் பேசி முடித்தீர்கள், மதிப்பு 600,000 என்று வந்தது. இடைவெளியான 20,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். மசே நிதியைத் தொட முடியாது. வீவக கடனும் 600,000-ஐ வைத்தே கணக்கிடப்படும். உச்ச வரம்பு 75 விழுக்காடு, அதாவது 450,000 வெள்ளி. சேமிப்பு குறைவாக உள்ள இளம் தம்பதிக்கு அந்த 20,000 வெள்ளி சின்ன விஷயம் இல்லை.

ஆக, மதிப்பீட்டாளரின் எண் யாரைப் பாதுகாக்கிறது? முதலில் கடன் கொடுப்பவரை. நாளைக்கு நீங்கள் தவணை கட்டாமல் போனால் வீட்டை விற்றுப் பணத்தை மீட்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் அவர் பார்ப்பது வட்டாரம், மாடி, பரப்பளவு, குத்தகையில் மிச்சமுள்ள ஆண்டுகள், அண்மையில் பக்கத்து வீடுகள் விலைபோன தொகை. வீட்டின் பொதுவான நிலையையும் கவனிப்பார். ஆனால் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்க்க மாட்டார். சில வீவக வீடுகளுக்கு நேரில் வராமலேயே மதிப்பு முடிவாகிவிடுகிறது.

சோதனையாளர் என்ன செய்கிறார்?

இவர் வருவது உங்கள் செலவில், உங்களுக்காக. தரை ஓடுகளைக் கோலால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் பொள்ளென்று கேட்டால் அடியில் சாந்து சரியாக நிரம்பவில்லை என்று பொருள். குளியலறையில் தண்ணீர் ஊற்றி, அது வடிகால் பக்கம் ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பார்ப்பார். சன்னல் சட்டம், கதவின் கீல், மின்செருகி, சுவரின் ஈரப்பதம் என்று ஒன்றையும் விடமாட்டார். சிலர் வெப்பப் படக்கருவியும் கொண்டு வருவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் வேறு நிறமாகத் தெரியும்.

பஃப்பலோ ரோடு, ரோவெல் ரோடு போன்ற பழைய புளோக்குகளில் வாங்குகிறீர்களா? கூரையை அண்ணாந்து பாருங்கள். உள்ளே இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதினால் கான்கிரீட் செதில் செதிலாகப் பெயரும். சமையலறையிலும் குளியலறையிலும் அதிகம் காணலாம். புதுச் சாயம் இதை அழகாக மறைத்துவிடும். மேல்மாடிக் கசிவு என்றால் பழுதுபார்ப்பு மேல்வீட்டாருக்கும் உங்களுக்கும் கூட்டுப் பொறுப்பு. அந்தப் பேச்சுவார்த்தை எவ்வளவு சுகமானது என்று அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள்.

இருவரும் குழம்பியதால் வந்த வழக்கு

பிரிட்டனில் இதே குழப்பம் உச்ச நீதிமன்ற அதிகாரம் கொண்டிருந்த நாடாளுமன்ற மேலவை வரை போனது. நோரிச் நகரில் ஒரு பெண் சாதாரண வீடு ஒன்றை வாங்கினார். கடன் கொடுத்த சங்கம் அனுப்பிய மதிப்பீட்டாளரின் அறிக்கையையே நம்பினார், தனியாக யாரையும் அமர்த்தவில்லை. உள்ளே புகைபோக்கியைத் தாங்கிய சுவர்ப்பகுதி இடிக்கப்பட்டிருந்ததை மதிப்பீட்டாளர் பார்த்தார். மேலே மிச்சமிருந்த பகுதிக்குத் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சுமார் 18 மாதத்தில் அது இடிந்து விழுந்தது.

அறிக்கைக்குத் தாம் பொறுப்பில்லை என்று மதிப்பீட்டாளர் தரப்பு எழுதியே வைத்திருந்தது. ஆனாலும் 1989-இல் தீர்ப்பு வீடு வாங்கியவர் பக்கம் வந்தது. சாதாரண வீடு வாங்குவோர் அந்த அறிக்கையைத்தான் நம்புவார்கள் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும், எனவே கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது மேலவை. இதைப் படித்துவிட்டு, 'அப்போ மதிப்பீட்டு அறிக்கையே போதுமே' என்று நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டதைத் தொடர்ந்து பார்க்காமல் விட்டதுதான் அங்கே தவறு. முழுச் சோதனை அவர் வேலை என்று யாரும் சொல்லவில்லை.

யாருக்கு உரிமம்?

சிங்கப்பூரில் சொத்து மதிப்பீட்டாளர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதை வழங்குவது உள்நாட்டு வருவாய் ஆணையம். துறைக்கென ஒரு நிபுணர் கழகமும் இருக்கிறது.

வீட்டுக் குறைகளைச் சோதிப்பவருக்கு அப்படித் தனி உரிமம் எதுவும் கிடையாது. கோலும் கைப்பேசியும் இருந்தால் நாளையே ஒருவர் தொழில் தொடங்கலாம். திறமைசாலிகள் நிறைய பேர் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் யார் திறமைசாலி என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பார்வையில் முக்கியமான கேள்வி ஒன்று: அதே ஆள் பழுதுபார்ப்பு வேலையையும் எடுத்துச் செய்கிறாரா? குறை அதிகம் கண்டால் அவருக்கே வருமானம் அதிகம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். மாதிரி அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அறை வாரியாகப் படம் இருக்க வேண்டும்.

கட்டமைப்பு சம்பந்தப்பட்ட சந்தேகம் என்றால் இவர்கள் இருவருமே போதாது. பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளர் வேண்டும். இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் கற்றது லிட்டில் இந்தியாவை ஒட்டித்தான். 1986 மார்ச் 15-ஆம் தேதி, சிராங்கூன் ரோட்டில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் நொடிகளில் சரிந்தது. 33 பேர் மாண்டனர், 17 பேர் மீட்கப்பட்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. சுமார் 15 ஆண்டுகள் அந்தக் கட்டடம் நின்றது. உள்ளே வங்கியும் ஹோட்டலும் நடந்தன. சந்தை விலையைப் பார்த்து அந்தக் குறையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதன் பிறகு 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியிருப்புக் கட்டடங்களைப் பொறியாளர் 10 ஆண்டுக்கு ஒருமுறையும், மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். குடியிருக்க மட்டும் பயன்படும் தரைவீடுகளுக்கு விலக்கு உண்டு. அதனால் தரைவீடு வாங்குவோர் பொறியாளரைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

அதே 1989-இல்தான் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. அங்குள்ள கடைவீடுகள் பக்கத்துக் கடையோடு ஒரே சுவரைப் பகிர்பவை. மரத்தரை, மர உத்தரம் என்றால் கறையானும் சேர்ந்து குடியிருக்கலாம். முகப்பை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. மதிப்பு பல மில்லியன் வெள்ளி என்று அறிக்கை சொல்லும். உத்தரத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கலாம்.

எப்போது அழைப்பது?

மறுவிற்பனை வீட்டுக்கு ஆப்ஷன் காலம் 21 நாள். விற்பவரின் சம்மதத்தோடு அதற்குள் சோதித்துவிடுங்கள். ஆப்ஷன் வாங்கும் முன்பே முடிந்தால் இன்னும் நல்லது, விலை பேசக் கையில் ஒரு பிடி இருக்கும். வீவக அதிகாரி பார்க்க வருவதும் உண்டு. அவர் தேடுவது அனுமதியில்லாத சீரமைப்பு வேலைகளை, ஒழுகும் குழாயை அல்ல.

புதுவீடு என்றால் சாவி வாங்கியதும் சோதனை. குறைகளைச் சரிசெய்து தரும் பொறுப்புக் காலம் வீவக வீட்டுக்கு ஓராண்டு, தனியார் கூட்டுரிமை வீட்டுக்கு 12 மாதம். பலர் செய்யும் தவறு, சாவி வாங்கிய மறுவாரமே குத்தகையாளரை அழைத்துப் பழைய ஓட்டின் மேல் புது ஓடு பதிப்பது. பிறகு தரை உப்பினால், முதலில் பதித்தவர் தவறா உங்கள் குத்தகையாளர் தவறா என்று வாதம் கிளம்பும். முதலில் தட்டிப் பாருங்கள், படம் எடுங்கள், புகார் கொடுங்கள். சரிசெய்த பிறகு வீட்டை இடித்துக் கட்டுங்கள்.